மேல் டிவிஷனில் ஓர் இடைச்செருகல்

தான் செத்துப்போன செய்தி சின்னமுத்துவுக்குத் தெரியவந்தபோது அவர் மாட்டுப்பட்டி அணைக்கரையில் சோளம் வேகவைத்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரிப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஊர் திரும்பியதும் பரீட்சை என்பதால் சோளம் வேகும் நேரத்தையும் வீணாக்காமல் படித்தார்கள். 'மேல் டிவிஷன்' நாவலில் வரும் மோனிஷா எதன் குறியீடு என்று ஒருத்தி கேட்டாள். கிள்ளப்படும் கொழுந்தின் குறியீடு, அஞ்சு மார்க் என்று இன்னொருத்தி சொன்னாள்.

அந்த நாவலை எழுதியவர் சின்னமுத்து. மோனிஷா அவருடைய மகள். இரண்டையும் அவர் சொன்னார். அந்தப் பெண் நல்ல பிள்ளை, கேலி செய்யவில்லை. எழுதினவர் காலமாகி ரொம்ப நாளாயிற்று, எங்கள் துறையில் வருஷா வருஷம் நினைவுக் கருத்தரங்கு நடக்கிறது, இந்த வருஷம் ஆய்வுப் பதிப்பும் வெளியாகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடுதலாகத் தூவச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மனிதர்கள் நோயால் சாகிறார்கள், விபத்தால் சாகிறார்கள். சின்னமுத்து ஒரு விதிமுறையால் செத்தவர். பாலக்காட்டில், கல்பாத்திப் புழை என்கிற ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி, தமிழ்த் திறனாய்வு நடுவம் என்று ஒன்று இருக்கிறது. உயிரோடிருக்கிற எழுத்தாளரை ஆராய்ந்து அங்கே பட்டம் வாங்க முடியாது. உயிரோடிருக்கிறவரை நம்ப முடியாதே. நாளைக்கே இன்னொரு புத்தகம் எழுதிவைப்பார், முந்தாநாள் முடித்த ஆய்வு கெட்டுப்போகும். செத்தவர்கள் ஒத்துழைப்பு தருகிறவர்கள். சின்னமுத்துவின் நாவலை ஆராய முதல் மாணவர் வந்தபோது நடுவம் அவர் வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டின் முகவரிக்குக் கடிதம் போட்டது. அதற்குள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலிசெய்து அவர் அணைப்பக்கம் குடிவந்திருந்தார். பதில் வரவில்லை. நடுவம் மரியாதைக்கு உரிய காலம் வரை காத்திருந்து, இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, மாணவரைப் பதிவுசெய்தது.

நடுவத்தின் தந்தை பேராசிரியர் துரைசுவாமி. கல்பாத்திக்காரர், ஓய்வு பெற்றும் ஓயாதவர். அவருடைய கோட்பாட்டுக்கு 'உணர்ச்சி நீக்கம்' என்று பெயர். நல்ல இலக்கியத்தில் யாரும் பிறப்பதுமில்லை, சாவதுமில்லை, எல்லாம் குறிகள்தான் என்பது அதன் சாரம். ஒரு புத்தகத்தைப் படித்து அழுகிற வாசகரை மன்னிக்கலாம், மதிப்பெண் மட்டும் கொடுக்கக்கூடாது என்று வகுப்பில் சொல்வார். அவர் கண்டெடுத்துக் கட்டுரை எழுதியிருக்காவிட்டால் 'மேல் டிவிஷ'னைக் கரையான்தான் படித்து முடித்திருக்கும். அதையும் சொல்லியாக வேண்டும்.

தான் செத்ததைக்கூட சின்னமுத்து பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் கலக்கியது வேறு. அவர் அண்ணன் மகன் சதீஷ், சுற்றுலா ஜீப் ஓட்டுபவன், வரப்போகும் ஆய்வுப் பதிப்பின் முன்பக்கங்களைச் செல்போனில் தேடியெடுத்துக் காட்டினான். முகவுரை இருந்தது, பதிப்புரை இருந்தது, ஆய்வுரை இருந்தது. பழைய புத்தகத்தின் முதல் பக்கம் மட்டும் இல்லை. அது பிற்காலத்து இடைச்செருகல் எனக் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது என்று பதிப்புரையில் ஒரு வரி இருந்தது.

அந்தப் பக்கத்தில் இருந்ததும் ஒரு வரிதான். 'என் மகள் மோனிஷாவுக்கு. எட்டு வயதுவரை இருந்தாள்.'

மோனிஷா காய்ச்சலில் செத்தாள். எஸ்டேட் ஜீப் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று கம்பளியைச் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் காத்திருந்தார்கள். மானேஜருடைய விருந்தாளிகளுக்கு யானை காட்ட ஜீப் போயிருந்தது. நாவலில் இருப்பதும் இவ்வளவுதான். ஒரு பிள்ளை, ஒரு கம்பளி, வராத ஒரு ஜீப். அவளைப் புதைத்த மேட்டில் இப்போது ஒரு ரிசார்ட் நிற்கிறது, நீச்சல் குளத்தோடு. போட்டோ எடுக்கணும் எடுக்கணும் என்று தள்ளிப்போட்டதில் ஒரு போட்டோகூட இல்லை. ரேஷன் கார்டில் பேரை அடித்துவிட்டார்கள். அப்படி ஒருத்தி இந்த உலகத்தில் இருந்தாள் என்று சொல்ல அந்த ஒரு வரியைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

அந்தப் பக்கத்தை மறுபடி சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் சின்னமுத்து பாலக்காட்டுக்குக் கிளம்பினார். மனைவி ராசம்மாள் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "நேருல போயி நின்னு சொன்னா போட்டுருவாக. படிச்சவுகதானே" என்றாள். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, கருத்தரங்கு நாளன்று காலையில் அவர் நடுவத்தின் வாசலில் போய் இறங்கினார்.

வாசலில் மேசை போட்டுப் பெயர் பதிந்துகொண்டிருந்தவள் பவ்யா, சித்தூர்ப் பக்கத்துப் பெண். கட்டுரை வாசிக்க வந்தவரா, கேட்க வந்தவரா என்று கேட்டாள். நான்தான் சின்னமுத்து என்றார். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அவருதான் எறந்துட்டாருங்களே. நான் அவரு மேலதானுங்க ஆராய்ச்சி பண்றேன்."

அவர் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அக்கம்பக்கம் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும், நீங்கள் உயிரோடிருப்பது தெரிந்தால் பதிவே ரத்தாகிவிடும், வீட்டில் இதற்காகத்தான் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று தணிந்த குரலில் சொன்னாள். "தயவு பண்ணி இன்னைக்கு ஒரு நாளு மட்டும் பார்வையாளரா இருந்துக்கோங்க" என்றாள்.

சின்னமுத்துவுக்கு இரக்கமாக இருந்தது. மோனிஷா இருந்திருந்தால் இவளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். பார்வையாளர் என்று எழுதிய அட்டையை அவரே வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மேடையில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். படத்திலிருந்தவர் அவரில்லை. எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் கண்காணியாக இருந்த அந்தோணி. ஏதோ பணி ஓய்வு விழாப் படத்தில் சின்னமுத்துவின் பக்கத்தில் நின்றவரை வெட்டியெடுத்து மாட்டியிருந்தார்கள். இருக்கிற காலத்தில் அந்தோணி யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவரைப் பார்த்து இத்தனை படித்தவர்கள் கைகூப்புவது சின்னமுத்துவுக்கு ஒருமாதிரி இருந்தது.

துறைத்தலைவர் ராஜசேகர் வரவேற்றுப் பேசினார். "சின்னமுத்து நம்மிடையே இல்லை என்பது தமிழுக்குப் பேரிழப்பு. ஆனால் அவர் இருந்திருந்தால் இத்தனை ஆய்வேடுகள் வந்திருக்குமா? இந்தக் கட்டடம் வந்திருக்குமா? நான் இந்த நாற்காலியில் இருந்திருப்பேனா? எனவே அவருடைய மறைவுக்கு நடுவம் என்றென்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது" என்றார். எல்லாரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். சின்னமுத்துவும் எழுந்தார். தனக்காக நிற்கக் கூச்சமாக இருந்ததால் மகளை நினைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு கட்டுரைகள் தொடங்கின. ஒருவர் கம்பளியை அரசு என்றார். போர்த்தும், ஆனால் காப்பாற்றாது. இன்னொருவர் ஜீப்பை நவீனத்துவம் என்றார். அது மலைக்கு வந்துகொண்டே இருக்கும், வந்து சேராது. ஒரு இளைஞர் மோனிஷாவின் காய்ச்சலைப் புவி வெப்பமடைதலோடு பொருத்தி வண்ணப்படம் போட்டுக் காட்டினார். நாலாவது அத்தியாயத்தில் காய்ச்சல் ஏறும்போது வடதுருவத்தில் பனி உருகுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஒப்பிலக்கியத் துறையிலிருந்து வந்த ஜெஸ்னா இவர்கள் எல்லாரையும் தாண்டிப் போனாள். நாவலில் மோனிஷா பிறக்கிற காட்சியே இல்லை, பிறக்காத ஒருத்தி இறக்க முடியாது, ஆகவே இந்த நாவலில் யாரும் சாகவில்லை என்று நிறுவினாள். கைதட்டல் ஓய வெகுநேரமானது.

சின்னமுத்துவுக்கு ஒரு கணம் நம்பத்தான் ஆசையாக இருந்தது. யாரும் சாகவில்லை என்று இத்தனை பேர் கைதட்டிச் சொல்கிறார்களே. பிறகு அந்த விடிகாலையில் கம்பளிக்குள் கால்கள் சில்லிட்டுப் போனது ஞாபகம் வந்தது. எழுந்து கையைத் தூக்கிவிட்டார்.

பார்வையாளருக்கும் வினா எழுப்ப உரிமை உண்டு என்று ராஜசேகர் பெருந்தன்மையாக ஒலிவாங்கியைக் கொடுக்கச் சொன்னார். சின்னமுத்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்த மொதப் பக்கத்தத் திரும்பப் போட்டுருங்க சார். அந்தப் புள்ள நெசமாவே இருந்துச்சு."

அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவர் பவ்யா இருந்த பக்கம் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு வழியில்லை.

"நான் அவளப் பெத்தவன்" என்றார்.

அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. ஆதார் அட்டை மேடைக்குப் போய்ப் பல கைகளில் சுற்றியது. சின்னமுத்து என்ற பெயரில் ஒருவர் உயிரோடிருப்பதைத்தான் அது காட்டுகிறது, மறைந்த நாவலாசிரியர் அவர்தான் என்பதைக் காட்டவில்லை என்று ஒருவர் சொன்னார். அவராகவே இருந்தாலும், தன் படைப்பைப் பற்றி ஆசிரியர் சொல்வது அகச்சான்றிலும் சேராது, புறச்சான்றிலும் சேராது என்று இன்னொருவர் சொன்னார். பிறப்புச் சான்று உண்டா என்றார்கள். லயத்தில் மருத்துவச்சி எடுத்த பிள்ளை, இல்லை. படம் உண்டா என்றார்கள். இல்லை. சமாதி உண்டா என்றார்கள். நீச்சல் குளம் இருப்பதைச் சொன்னார். நீச்சல் குளத்தைச் சான்றாக ஏற்க முன்னுதாரணம் இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார்கள்.

கடைசியில் ராஜசேகர் பழைய புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். முதல் பக்கத்தின் தாள் வேறு, எழுத்து வேறு, பசை போட்டு ஒட்டிய தடம் இருக்கிறது. இந்தப் பக்கம் நூலோடு அச்சானதா, பிறகு சேர்க்கப்பட்டதா, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்.

சின்னமுத்துவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. மகள் விஷயத்தில் எப்படிப் பொய் சொல்வது?

"பெறகுதான் சார் ஒட்டுனோம்" என்றார். "போடியில ஒரு அச்சாபீசுலதான் குடுத்தேன். மத்ததெல்லாம் எழுதிட்டேன், இந்த ஒரு வரிய மட்டும் எழுத முடியல. இருந்தாள்னு எழுதினா இப்ப இல்லைன்னு ஆயிருதுல்ல. பொஸ்தகமெல்லாம் கட்டாகி வந்த பெறகு மனசு கேக்கல. திரும்பப் போயி இத மட்டும் அடிச்சு வாங்கியாந்தேன். வீட்டுக்காரி மைதா காய்ச்சிக் குடுத்தா. ரெண்டு பேரும் தரையில உக்காந்து ஒவ்வொரு பொஸ்தகத்துலயும் ஒட்டுனோம்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தன்னை நம்பிவிட்டார்கள் என்று நினைத்து அவரும் கும்பிட்டார். ராஜசேகர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "இடைச்செருகலை இடைச்செருகியவரே ஒப்புக்கொள்வது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இதுவே முதல் முறை. நம் நடுவத்தின் முடிவு எவ்வளவு துல்லியமானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?" என்றார். உணவு இடைவேளை அறிவிக்கப்பட்டது.

பார்வையாளருக்குச் சாப்பாட்டுச் சீட்டு இல்லை. சின்னமுத்து கைகழுவும் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டுப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தார். என்ன தவறு செய்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. உள்ளதைச் சொன்னோம், அவர்களும் கைதட்டினார்கள், ஆனாலும் பக்கம் போய்விட்டது.

காலையிலிருந்து மேடையில் கண்மூடி உட்கார்ந்திருந்த துரைசுவாமி தடியை ஊன்றி அங்கே வந்தார். கையிலிருந்த டப்பாவைத் திறந்து மூடியில் பாதித் தயிர்சாதத்தை எடுத்து வைத்து நீட்டினார். வீட்டில் மனைவி திரிபுரசுந்தரி கட்டிக்கொடுத்தது, வெளியில் சாப்பிடுகிற வழக்கமில்லை என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாதியில் பேராசிரியர் கேட்டார்.

"கொழந்தை எப்பிடி இருப்பா?"

இத்தனை வருஷத்தில் அதை யாரும் சின்னமுத்துவிடம் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினார். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததைச் சொன்னார். ஸ்வெட்டர் கையை எப்போதும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள், ராசம்மாள் தைத்துத் தைத்து அலுத்துப்போனாள். கேரட்டை மண்ணோடு தின்பாள். வேலை முடிந்து வரும் அம்மாவின் சேலைக்குள் புகுந்து தேயிலை வாசம் பிடிப்பாள். கோபம் வந்தால் பேசமாட்டாள், கோழியிடம் போய் முறையிடுவாள். சொல்லச் சொல்ல இன்னும் வந்துகொண்டே இருந்தது. துரைசுவாமி சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை.

"எங்காத்துலயும் ஒருத்தி இருந்தா" என்றார். "கிருஷ்ணப்ரியா. பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு முன்னாடியே போய்ட்டா. புழையில. நானும் திரிபுரசுந்தரியும் அந்தப் பேரை உச்சரிச்சே எத்தனையோ வருஷமாச்சு. உங்க புஸ்தகத்தை மொதல் தடவை வாசிச்சப்போ அழுதேன், கேட்டேளா. நிறுத்தவே முடியல. ரெண்டாந்தரம் வாசிக்கறச்சே பென்சிலை எடுத்துண்டு குறிப்பெழுதினேன். இது கொழந்தை இல்லை, கொழுந்துன்னு எழுதினேன். அழுகை நின்னுடுத்து."

சின்னமுத்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் தயிர்சாதம் ஒட்டியிருந்தது. அப்படியானால் அந்தப் பக்கத்தைப் போடச் சொல்லுங்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டார். பேராசிரியர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு குழாயில் கழுவினார்.

"அவ இருந்தான்னு நான் ஒத்துண்டா, மறுபடியும் மொதல்லேர்ந்து அழணும். ரெண்டு கொழந்தைகளுக்கும் சேர்த்து. இந்த வயசுல என்னால முடியாது. மன்னிச்சுக்கோங்கோ" என்றார்.

மணி அடித்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சின்னமுத்துவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நிறைவு அமர்வில் துரைசுவாமி எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார். மோனிஷா ஒரு குறி, முதல் பக்கம் ஓர் இடைச்செருகல், அது நூலில் இடம்பெறாது. எனினும் வந்தவரின் மனம் நோகாதிருக்க ஓர் அடிக்குறிப்பு சேர்க்கப்படும். 'இந்நூலாசிரியருக்கு மோனிஷா என்றொரு மகள் இருந்தாள் எனச் செவிவழிச் செய்தி உண்டு, அது ஆய்வுக்குரியது.' அதைப் படிக்கும்போது பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அடுத்து ராஜசேகர் தீர்மானங்களை வாசித்தார். சின்னமுத்து உயிரோடிருக்கும் விஷயம், மாணவர்களின் எதிர்காலத்தை முன்னிட்டு, நடப்பிலுள்ள ஆய்வேடுகள் சமர்ப்பிக்கப்படும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்றார். பவ்யா நிமிர்ந்து பார்த்தாள். பரவாயில்லை என்பதுபோல் சின்னமுத்து அவளிடம் தலையசைத்தார். சிறந்த பார்வையாளர் என்று அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். படமெடுக்கும்போது அந்தோணியின் படம் மறைகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். தள்ளி நின்றார்.

மறுநாள் காலையில் அவர் மாட்டுப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது ராசம்மாள் வண்டியருகே உட்கார்ந்து சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். சால்வையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"போடுறேன்னாகளா?"

சின்னமுத்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சோளத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். "போடுறாக. மொதப் பக்கத்துல இல்ல. அடியில, சின்ன எழுத்துல."

"என்னன்னு?"

"இத எழுதுனவருக்கு மோனிஷான்னு ஒரு மக இருந்தான்னு."

மீதி வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. ராசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உரித்த சோளத்தைத் தண்ணீரில் போட்டாள். அவரைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்.

"சின்னப் புள்ளதான. சின்ன எழுத்தே போதும்."